கணினிக் கேள்வி பதில்: இல்லாததைச் சோதிப்பது எப்படி?

சென்ற இதழில் ‘நல்’ மதிப்பைப் பற்றிப் போகிற போக்கில் நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. ஒரு மாறியில் மதிப்பு ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும் இந்தச் சொல், தமிழ் எழுத்தில் எழுதியவுடன் ‘நல்ல’ என்று பொருள் தந்துவிடுகிறது. நம் மொரீஷியஸ் தீவில் எல்லோர் காதிலும் விழும் பிரெஞ்சிலோ அதே சொல்லுக்கு ‘ஒன்றுக்கும் உதவாதது’ என்று பொருள். நிரல் எழுதுபவர்களின் அனுபவம் பிரெஞ்சுப் பொருளையே ஒட்டியிருக்கிறது என்பதை வந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றுள் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கோவிலில் தைப்பூசக் காவடி முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தோம். பதில் எழுதாதவர்களை மட்டும் தொலைபேசியில் அழைப்பதற்காக நான் பைத்தானில் எழுதிய நிரல், ‘0’ என்று எழுதிக் கொடுத்தவர்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு பாட்டியம்மா, “வரவில்லை என்று எழுதித்தானே கொடுத்தேன் தம்பி, பிறகு எதற்கு அழைக்கிறாய்?” என்று கடிந்துகொண்டார். என் தவறு எங்கே?
— கல்லூரி மாணவர், காத்ர் போர்ன்

பதில்: தம்பி, பாட்டியம்மா சொன்னது சரி. அவர் எழுதிய 0 ஒரு பதில். மற்றவர்கள் விட்ட வெற்றிடம் பதில் அல்ல. தாங்கள் அனுப்பிய நிரலில் ‘இஃப் நாட் இலைகள்’ என்ற வரி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பைத்தானில் ‘நன்’ என்ற இன்மை மதிப்பு மட்டுமன்றி, 0, வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத எழுத்துத் தொடர்), ஓர் உறுப்பும் இல்லாத பட்டியல் ஆகிய அனைத்தும் நிபந்தனை வரியில் பொய்யாகவே கொள்ளப்படுகின்றன. எனவே ‘இல்லையா?’ என்று கேட்க நினைத்த இடத்தில் தாங்கள் ‘காலியாகவோ சுழியமாகவோ இல்லாமலோ இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இஃப் இலைகள் இஸ் நன்’ என்று எழுதினால் பாட்டியம்மா தப்பித்துவிடுவார்.

இரட்டைச் சமக்குறி போட்டால் ஆகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் ஆகும், ஆனால் பைத்தானில் ஒரு வகுப்பை எழுதுபவர் சமக்குறியின் பொருளைத் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கலாம், ‘இஸ்’ என்பதன் பொருளை மாற்ற இயலாது. எண் கணக்குக்கான ‘நம்பை’ நூலகத்தின் அணி (மதிப்புகளின் வரிசை) ஒன்றை ‘நன்’ என்பதோடு சமக்குறியால் ஒப்பிட்டால், ஆம் அல்லது இல்லை என்ற ஒரே விடைக்குப் பதிலாக ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி விடை கொண்ட அணியே திரும்பி வரும். நிரல் ஓடும் காலம் முழுவதும் ‘நன்’ என்பது ஒரே ஒரு பொருளாகவே இருப்பதால், அதே பொருள்தானா என்று கேட்கும் ‘இஸ்’ போதுமானது. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 கூறுவதும் இதுவே.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது சற்று வஞ்சகமானது. தாங்கள் படிவங்களைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாகச் சேமித்துப் படிப்பதாக எழுதியுள்ளீர்கள். பைத்தானுடன் வரும் சிஎஸ்வி தொகுதி, காலியான கட்டத்தை ‘நன்’ ஆகத் தருவதில்லை. வெற்றுச் சரமாகத் தருகிறது. அதே கோப்பைப் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தின் மூலம் படித்தால் காலிக் கட்டம் ‘எண் அல்லாதது’ என்று பொருள்படும் ‘நேன்’ என்ற தசம மதிப்பாக வரும். அந்த நேன் தனக்குத் தானே சமமாகாது, ‘இஸ் நன்’ சோதனையில் அகப்படாது. போதாக்குறைக்கு நிபந்தனை வரியில் அது மெய்யாகவே கொள்ளப்படும். அதற்கெனப் பாண்டாஸ் தரும் ‘இஸ்னா’ என்ற செயற்கூற்றைத்தான் அழைக்க வேண்டும். ஆகவே கோப்பைப் படிக்கும் முதல் இடத்திலேயே, எந்தக் கட்டம் எழுதப்படாதது என்பதை முடிவு செய்து, அதை ஒரே வகையான இன்மையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத் தரவுத்தளத்தில் கைபேசி எண் பதியப்படாத வாடிக்கையாளர்களைத் தேடுகிறேன். ‘கைபேசி சமம் நல்’ என்று, தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் வினவலில் எழுதினால் ஒரு வரிசைகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் அட்டவணையைத் திறந்து பார்த்தால் எண் இல்லாதவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள்.
— அலுவலக ஊழியர், போர்ட் லூயிஸ்

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், எனவே சற்று நீட்டி எழுத அனுமதி வேண்டுகிறேன்.

பிற மொழிகளில் நல் என்பது ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதைக் குறிக்கும். எஸ்கியூஎல்லில் அது ‘இங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது’ என்பதைக் குறிக்கும் அடையாளமாக நடத்தப்படுகிறது. வேலியின் மறுபுறம் நிற்கும் இருவரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. இருவரும் ஒரே வயதினரா என்று கேட்டால், ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எஸ்கியூஎல் இதையே சொல்கிறது: நல்லும் நல்லும் சமமா என்றால் ‘தெரியாது’, சமமில்லையா என்றாலும் ‘தெரியாது’. மெய், பொய், தெரியாது என்று அங்கே மூன்று விடைகள் உண்டு. ‘எங்கே’ என்று பொருள்படும் ‘வேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லால் தொடங்கும் நிபந்தனை, மெய் என்று உறுதியான வரிசைகளை மட்டுமே வெளியே விடுவதால், தங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சமக்குறியை விடுத்து ‘கைபேசி இஸ் நல்’ என்று எழுதுங்கள்; மறுதலைக்கு ‘இஸ் நாட் நல்’.

இதன் உடன்பிறப்பு ஒன்று கண்ணுக்கே தெரியாது. ‘ஊர் போர்ட் லூயிஸ் அல்லாதவர்கள்’ என்று தேடினால், ஊர் பதியப்படாதவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். ‘ஊர் போர்ட் லூயிஸ் ஆனவர்கள்’ என்ற பட்டியலிலும் வரமாட்டார்கள். இரு பட்டியல்களையும் கூட்டினால் மொத்தம் குறையும். அவர்களும் வேண்டுமானால், அல்லது என்று சேர்த்து ‘ஊர் இஸ் நல்’ என்பதையும் எழுத வேண்டும்.

‘நாட் இன்’ என்பதில் நானே சறுக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், கட்டணம் செலுத்தியவர்களின் பட்டியலில் இல்லாத அனைவருக்கும் நினைவூட்டல் கடிதம் அனுப்பும் வினவலை எழுதியிருந்தேன். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒரு மாதம் ஒருவருக்குக்கூடக் கடிதம் போகவில்லை; அனைவரும் கட்டிவிட்டார்கள் என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். செலுத்தியவர் பட்டியலில் யாரோ ஒரு வரியை வாடிக்கையாளர் எண் இல்லாமல் பதிந்திருந்தார். ஒரே ஒரு நல். ‘இந்த எண் பட்டியலில் இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், பட்டியலின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அது வேறுபட்டது என்று உறுதியாக வேண்டும். தெரியாத ஒன்றிலிருந்து அது வேறுபட்டதா என்பது தெரியாது. எனவே எவருமே ‘பட்டியலில் இல்லை’ என்ற மெய்யை எட்டவில்லை. அன்று முதல் நான் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்பதையே எழுதி வருகிறேன், அது இந்தக் குழியில் விழாது.

எண்ணும்போதும் கவனம் வேண்டும். கவுன்ட் என்பதற்குள் உடுக்குறி (*) போட்டால் எல்லா வரிசைகளும் எண்ணப்படும். கைபேசி என்ற நெடுவரிசையின் பெயரைப் போட்டால் நல் ஆனவை விடுபடும். சராசரியும் நல்களை விலக்கிவிட்டே கணக்கிடப்படுகிறது, அவை சுழியமாகக் கொள்ளப்படுவதில்லை. அட்டவணையில் வைக்கும் ‘செக்’ கட்டுப்பாடோ வேர் நிபந்தனைக்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது: வயது 18க்கு மேல் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தாலும், வயது நல் ஆன வரிசை உள்ளே புகுந்துவிடும், ஏனெனில் பொய் என்று உறுதியானதை மட்டுமே அது தடுக்கிறது. தெரியாததற்கு ஒரு வாயில் அடைக்கிறது, மற்றொன்று திறக்கிறது. வயது கட்டாயம் என்றால் நெடுவரிசையை வரையறுக்கும் இடத்திலேயே ‘நாட் நல்’ என்று எழுதிவிட வேண்டும்.

தங்கள் அலுவலகத்தில் ஆரக்கிள் தரவுத்தளம் இருந்தால் மேலும் ஓர் எச்சரிக்கை: அது வெற்றுச் சரத்தையும் நல்லாகவே வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் வெற்றுச் சரம் வேறு, நல் வேறு. அங்கே எழுதிய வினவலை இங்கே கொண்டுவரும்போது எண்ணிக்கை மாறினால் முதலில் இதைப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்வழியில் மாணவர்களுக்கு நிரலாக்கம் விளக்க முயல்கிறேன். நல் என்பதற்குச் சுழியம், வெற்று, இன்மை ஆகியவற்றுள் எதைச் சொல்வது?
— தமிழாசிரியை, ரோஸ் ஹில்

பதில்: சுழியம் வேண்டாம் அம்மா, அது ஓர் எண், காத்ர் போர்ன் பாட்டியம்மாவின் பதில். வெற்று என்பதையும் தவிர்ப்பேன், ஏனெனில் வெற்றுச் சரம் என்ற தனிப்பொருளுக்கு அது தேவைப்படுகிறது. இன்மை பொருத்தமானது. தமிழே இந்த இடத்தில் தங்களுக்குத் துணை நிற்கிறது: ‘இது மாம்பழம் அல்ல’ என்பதும் ‘மாம்பழம் இல்லை’ என்பதும் வேறுவேறு என்று நம் பிள்ளைகளுக்கு நாம் இலக்கண வகுப்பில் சொல்லித் தருகிறோம். சமமா, சமமில்லையா என்ற ஒப்பீடு ‘அல்ல’ என்பதைச் சேர்ந்தது. நல் சோதனை ‘இல்லை’ என்பதைச் சேர்ந்தது. சமக்குறியை வைத்து இல்லாமையைக் கேட்கும் மாணவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவர்.

ஆனால் இன்மையிலும் வகை உண்டு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர்களின் குடிவரவுப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அத்தகைய பதிவேடு ஒன்றைத் தரவுத்தளமாக்குவதாகக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். தந்தை பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், எழுத்தர் கேட்கவில்லையா, கேட்டும் எழுதவில்லையா, எழுதிய மை அழிந்துவிட்டதா? தந்தை என்று ஒருவர் இருந்தது உறுதி. பெயர்தான் நமக்குத் தெரியாது. கணவர் பெயர் என்று ஒரு கட்டம் வைத்து, அது ஓர் ஆணின் வரிசையில் காலியாக இருந்தாலோ, தெரியாமை அன்று, அந்தக் கேள்வியே அங்கே பொருந்தாது. உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வகுத்த எட்கர் காட், 1990இல் எழுதியபோது, பொருந்தியும் விடுபட்டது, பொருந்தாமையால் விடுபட்டது என இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்று முன்மொழிந்தார். எஸ்கியூஎல் அதை ஏற்கவில்லை. இரண்டுக்கும் ஒரே நல்தான். வேறுபாடு முக்கியமென்றால், ஏன் காலி என்பதைச் சொல்லும் இன்னொரு நெடுவரிசையை நாமே வைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் ஜாவா எழுதுகிறேன். எந்த மாறியைத் தொடுவதற்கு முன்பும் ‘நல் இல்லையே?’ என்று சோதிக்க வேண்டும் என்று எங்கள் குழுத்தலைவர் வற்புறுத்துகிறார். நிரலில் பாதி அந்தச் சோதனையாகவே இருக்கிறது. இது அவசியமா? இந்த நல் என்பதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.
— நிரலாளர், எபேன்

பதில்: அவரே முந்திக்கொண்டுவிட்டார். 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது நல் சுட்டலைச் சேர்த்தவர் டோனி ஹோர். விரைவு வரிசையாக்க முறையைக் கண்டவரும் அவரே. செயல்படுத்த மிக எளிதாக இருந்ததால் அந்தச் சபலத்தை விட முடியவில்லை என்று கூறி, 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

தங்கள் குழுத்தலைவரின் அச்சம் நியாயமானது, மருந்துதான் தவறு. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் ஒவ்வொரு சன்னிதியிலும் குனிந்து தம் காலைப் பார்த்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து தரவு நுழையும் இடங்களான படிவம், கோப்பு, தரவுத்தளம், பிறருடைய சேவை ஆகியவற்றில் சோதியுங்கள். கட்டாயம் இருக்க வேண்டிய மதிப்பை ‘அப்ஜெக்ட்ஸ்’ வகுப்பின் ‘ரிக்வயர் நான் நல்’ கொண்டு வாயிலிலேயே நிறுத்துங்கள். உள்ளே எங்கும் சோதனையைத் தூவினால், வரக்கூடாத நல் வந்தபோது நிரல் வாய்மூடித் தாண்டிப் போகும்; நின்றுபோகும் நிரலைவிடத் தவறான விடையை அமைதியாகத் தரும் நிரல் மோசமானது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற விடையைத் திருப்பித் தரும் செயற்கூறுகளுக்கு, 2014இல் வந்த ஜாவா 8இன் ‘ஆப்ஷனல்’ உண்டு. எந்த மாறி நல் என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கும் ஆறுதல் இருக்கிறது: 2020இல் ஜாவா 14 முதல், ‘நல் பாயின்டர் எக்செப்ஷன்’ செய்தியிலேயே வரியின் எந்தப் பகுதி நல் என்று காட்டும் வசதி வந்தது; 15 முதல் அது தானாகவே இயங்குகிறது.

ஜாவாவில் நல் சோதனையே கண்ணில் படாத ஓரிடம் உண்டு. ‘இன்டிஜர்’ என்ற பொருளை ‘இன்ட்’ என்ற எளிய எண்ணில் இட்டால், மொழி தானாகவே பிரித்தெடுக்கும். அந்தப் பொருள் நல் ஆக இருந்தால் புள்ளியோ அழைப்போ எதுவும் தென்படாத அந்தச் சாதுவான வரியில் நிரல் விழும்.

தங்கள் குழுவுக்கு மொழி மாற்ற உரிமை இருந்தால் கோட்லினைப் பாருங்கள். அங்கே சாதாரணச் சர வகை நல்லை ஏற்கவே ஏற்காது. வகைப் பெயரின் பின்னே கேள்விக்குறி இட்டால்தான் ஏற்கும், இட்டபின் சோதிக்காமல் பயன்படுத்தினால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. ஸ்விஃப்டிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். ரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கமான நிரலில் நல் என்பதையே வைக்காமல், உள்ளது அல்லது இல்லாதது என்று பிரித்துப் பார்த்தே திறக்க வேண்டிய ‘ஆப்ஷன்’ வகையைத் தருகிறது. சி ஷார்ப் 2019இல் 8ஆம் பதிப்பில் இதே எண்ணத்தை எச்சரிக்கைகளாகக் கொண்டுவந்தது. ஆனால் கோட்லினிலும் ஜாவா நூலகத்திலிருந்து வரும் மதிப்புகள் இந்தக் காவலைத் தாண்டி வந்துவிடும், எனவே எல்லையில் நிற்கும் காவலாளியை அங்கும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் நல், அன்டிஃபைன்ட் என இரண்டு எதற்கு? சோதிக்கும்போது இரண்டு சமக்குறியா, மூன்றா?
— மாணவி, வாக்வா

பதில்: மதிப்பு இன்னும் தரப்படவில்லை என்று மொழி சொல்வது அன்டிஃபைன்ட், வேண்டுமென்றே காலியாக விட்டேன் என்று நிரலாளர் சொல்வது நல். நல்ல எண்ணம்தான், நடைமுறையில் யாரும் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. எங்கும் மூன்று சமக்குறிகளையே இடும் நான் இந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டை இடுகிறேன்: இரட்டைச் சமக்குறியால் நல்லோடு ஒப்பிட்டால் நல்லும் அன்டிஃபைன்ட்டும் அகப்படும், 0உம் வெற்றுச் சரமும் அகப்படா. ‘டைப்ஆஃப்’ கொண்டு சோதிக்காதீர்கள். அது நல்லைப் பொருள் என்று கூறும், மொழியின் தொடக்க காலத் தவறு இன்றுவரை திருத்தப்படாமல் நிற்கிறது. மாற்று மதிப்புத் தருவதற்கு, ‘அல்லது’ என்று பொருள்படும் இரட்டைச் செங்கோட்டுக்குப் பதிலாக, 2020இல் வந்த இரட்டைக் கேள்விக்குறியைப் பயன்படுத்துங்கள். செங்கோடு 0 என்ற பதிலையும் விழுங்கிவிடும்.

கேள்வி: சி மொழியில் சுட்டி (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) ‘நல்’தானா என்று சோதித்தும், ஓரிடத்தில் நிரல் சோதனையைத் தாண்டிச் சென்று விழுகிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியின் மேம்படுத்தலை அணைத்தால் சரியாக ஓடுகிறது! பிஎச்பியிலோ, ‘எம்ப்டி’ என்று கேட்டால் குழந்தைகள் எண்ணிக்கைக்கு 0 என்று நிரப்பியவர்களையும் நிரப்பாதவர்கள் என்கிறது.
— வாசகர், சான் தெனி, ரெயூனியன்

பதில்: இரண்டு கேள்விகளை ஒரே தபால்தலையில் அனுப்பிவிட்டீர்கள். முதலாவதில், சுட்டி காட்டும் இடத்தை ஒரு முறை படித்துவிட்டு, அதற்கு அடுத்த வரியில்தான் சோதித்திருக்கிறீர்கள். நல் சுட்டியைப் பின்தொடர்வது சி மொழியின் விதிப்படி வரையறுக்கப்படாத செயல். எனவே, படித்துவிட்டார் என்றால் அது நல்லாக இருக்க வழியில்லை என்று தொகுப்பி முடிவு செய்து, தங்கள் சோதனையைத் தேவையற்றது என நீக்கிவிடும் உரிமை பெறுகிறது. 2009இல் லினக்ஸ் கருநிரலின் ஒரு வலையமைப்பு இயக்கியில் இதே வரிசைப் பிழை பாதுகாப்புக் குறையாகவே வெளிப்பட்டது. சோதனையை முதல் வரியாக்குங்கள். மேம்படுத்தலை அணைப்பது தீர்வாகாது.

இரண்டாவதற்கு, பிஎச்பியின் ‘எம்ப்டி’ நல், 0, வெற்றுச் சரம் ஆகியவற்றோடு, ‘0’ என்ற ஒற்றை எழுத்துச் சரத்தையும் காலி என்றே கொள்ளும். படிவத்திலிருந்து வருபவை சரங்களே என்பதால் தங்களுக்கு இது நேர்ந்தது. ‘இஸ்செட்’ என்பது 0ஐக் காலியாகக் கொள்ளாது, ஆனால் அணியில் சாவி (மதிப்புக்கு இட்ட பெயர்) இருந்தும் மதிப்பு நல் ஆனாலும், சாவியே இல்லாவிட்டாலும் ஒரே விடைதான் தரும். இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ‘அரே கீ எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற செயற்கூற்றை அழையுங்கள். நிரப்பாமல் விட்ட எழுத்துப் பெட்டி, படிவத்திலிருந்து வெற்றுச் சரமாகவே வந்து சேரும் என்பதால், தங்கள் தேவைக்கு மூன்று சமக்குறிகளால் வெற்றுச் சரத்தோடு ஒப்பிடுவதே போதும்.